அப்பா படிக்கிற வேகம்

பாகூர்
12.10.2025

டேய் அண்ணா,

உனக்கு முன்னால் இதைப் பிரித்துப் படிக்கும் வார்டன் ஐயாவுக்கு முதல் வணக்கம். ஐயா, நான் சேவியருடன் கூடப் பிறந்த தங்கை. பெயர் ஜோஸ்பின், பதினோராம் வகுப்பு. காதல் கடிதம் என்று ஆசையாகப் பிரித்திருந்தால் மன்னிக்கவும். உள்ளே மீனும் கம்ப்யூட்டரும்தான்.

இனி உனக்கு. போன மாதம் அப்பா உன்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனபோது நீ என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் ஹெட்போன் மட்டும் உன்னோடு வந்துவிட்டது. போனே வைத்துக்கொள்ள விடாத ஊரில் அதை எதில் செருகுவாய்? நீட் நீட் என்று உன் ஆயுளில் இன்னொரு வருஷத்தை நீட்டிவிட்டார்கள், பாவம் என்று பார்த்தால் திருட்டு வேறு.

விஷயம் இதுதான். உன் பெட்டி நேற்று செத்துவிட்டது.

(வார்டன் ஐயாவுக்கு விளக்கம்: எங்கள் மீன் குளத்துத் தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மீன் மூச்சு முட்டிச் சாகும். போன வருஷம் பாதிக் குளம் அப்படித்தான் போனது. அதற்காக இவன் ஒரு பெட்டி செய்தான். தண்ணீருக்குள் ஒரு சென்சார், கொட்டகையில் ஒரு சின்னக் கம்ப்யூட்டர், ஒரு திரை. ஆக்சிஜன் குறைந்தால் சைரன் அடிக்கும், அப்பா ஓடிப்போய்த் தண்ணீரை அடித்துக் காற்று ஏற்றும் ஏரேட்டரைப் போடுவார். சென்சார் பேசுவதைக் கம்ப்யூட்டருக்குப் புரிய வைக்கும் புரோகிராமுக்கு டிரைவர் என்று பெயர். அதையும் இவனே எழுதினான். "டிரைவர்னா வண்டி ஓட்டணும்டி, எழுதறதுக்கு இன்னா இருக்கு" என்பது எங்கள் அப்பாவின் கருத்து.)

நல்லவேளை, அப்பா தீவனம் வாங்க வில்லியனூர் போயிருந்தார். நான் திறந்து பார்த்தேன். மெமரி கார்டு வாய் வரை நிரம்பிக் கிடந்தது. நிரப்பியது உன் டிரைவர்தான். படிக்கப் போகிறேன், படிக்கிறேன், படித்துவிட்டேன், கேபிள் இருக்கிறது, கேபிள் இன்னும் இருக்கிறது, எல்லாம் இங்கிலீஷில், மூச்சு விடாமல். நீ வூட்டில் வாயே திறக்க மாட்டாய். உனக்கும் சேர்த்து அது பேசியிருக்கிறது.

எல்லாவற்றையும் அழித்தேன். என் பழைய போனில் இருந்த பெரிய கார்டைப் போட்டேன். இப்போது ஓடுகிறது. ஆனால் மறுபடி நிரம்பும். இந்த வாயை எப்படி மூடுவது, எழுது.

நீ போன அன்று ராத்திரி அம்மா அழுதபோது அப்பா சாப்பாட்டுக் கையோடு ஒன்று சொன்னார். உனக்குத் தெரியாது. கிறிஸ்மஸுக்கு வலை போடுகிற வரை பெட்டியை நம்பி குளம் தாங்கிவிட்டால், உன்னைக் கூட்டி வந்து நீ கேட்ட கம்ப்யூட்டர் படிப்பிலேயே சேர்ப்பாராம். "பொட்டி பொழைச்சா அவன் இஷ்டம். பொட்டி செத்தா என் இஷ்டம்." அப்படியே சொன்னார். அதனால் பெட்டியின் உடம்பை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வைத்தியம் சொல். டாக்டருக்குத்தானே படிக்கிறாய்.

இப்படிக்கு,
உன் வூட்டு வைரஸ்

*

நாமக்கல்
21.10.2025

ஜோஸ்பினுக்கு,

வார்டன் உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தார். பிறகு எனக்கு ஒரு வேளை டீ கிடையாது என்றார். இனிமேல் அவரை விட்டுவிடு.

அப்பா அப்படிச் சொன்னாரா? அந்த இரண்டு வரியை நான் பலமுறை படித்தேன். ஞாயிற்றுக்கிழமை போனில் 'சாப்டியா' என்றார். 'சாப்டேன்' என்றேன். போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

டிரைவர் எழுதும்போது சென்சார் அடிக்கடி பாதியில் நின்றுபோனது. எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்க்க ஒவ்வொரு அடிக்கும் ஒரு வரி எழுத வைத்தேன். பிழை தேடுவதற்கான வரிகள், டீபக் என்பார்கள். வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டியவை. எடுப்பதற்குள் அப்பா வண்டியைக் கிளப்பிவிட்டார்.

டிரைவர் எழுதும் செய்தியில் எட்டுப் படிகள் உண்டு. பூஜ்ஜியம் என்றால் கம்ப்யூட்டரே சாகிறது. ஏழு என்றால் வெறும் வளவள. நான் ஏழில் விட்டு வந்தேன். நீ நான்குக்கு இறக்கு. அதற்கான வரியைப் பின்பக்கம் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், ஒரு புள்ளியும் விடாமல் அடி. அதன்பிறகு ஏதாவது கெட்டால் மட்டும் பேசும். திரை சும்மா இருக்கும். பயப்படாதே. நல்ல டிரைவர் பேசாது.

மேகம் போட்ட நாள்களில் கவனமாக இரு. வெயில் இல்லாவிட்டால் தண்ணீரில் மூச்சு ஏறாது.

நான் இங்கிருந்து வர வேண்டும், ஜோஸ். அவ்வளவுதான் எழுத முடிகிறது.

சேவியர்

*

பாகூர்
2.11.2025

அண்ணா,

நல்ல டிரைவர் பேசாதாம். அப்பா கையில் மாட்டினால் நல்ல டிரைவர் உயிரோடும் இருக்காது.

நீ சொன்னபடி நான்குக்கு இறக்கினேன். திரை கறுப்பாகிவிட்டது. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்த்தால் பெட்டியின் பிளக் பிடுங்கிக் கிடக்கிறது. அப்பா அதை இரண்டு தட்டு தட்டிப் பார்த்துவிட்டு, செத்ததற்குக் கரண்டு எதற்கு என்று பிடுங்கிவிட்டாராம். அது சாகவில்லை, சும்மா இருக்கிறது என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், சும்மா இருப்பதற்கும் சாவதற்கும் எங்கள் வம்சத்தில் வித்தியாசமே கிடையாது என்று தெரிந்தது.

அப்புறம் கேட்டார்: "இன்னாடி, உங்கண்ணன் ஏன் பேச மாட்டேங்கறான்?"

அப்போதுதான் புரிந்தது. நீ போனதிலிருந்து தினமும் சாயந்திரம் கொட்டகையில் உட்கார்ந்து உன் டீபக் வரிகளைப் படித்திருக்கிறார். இங்கிலீஷை எழுத்தெழுத்தாகக் கூட்டி. நீதான் அங்கிருந்து அனுப்புகிறாய் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். என் வாய் எதற்குத்தான் ஒழுங்காகத் திறந்திருக்கிறது? "கோபம் போல, சமாதானம் பண்ணிப் பேச வைக்கறேம்பா" என்று சொல்லிவிட்டேன்.

அதனால் மறுபடி ஏழு. ஆனால் உன் வளவளாவில் முக்கால்வாசியைக் கழித்துவிட்டேன், கார்டு நிரம்பாது. மிச்சத்தைத் திரைக்கு வரும்போது தமிழாக மாறும்படி செய்தேன். டீபக் என்கிற பெயரும் பிடிக்கவில்லை, தீபக் என்று வைத்திருக்கிறேன். தீபக் இப்போது உன் குரலில் பேசுகிறான்:

அப்பா, தண்ணியில மூச்சு நல்லாயிருக்கு.
அப்பா, தண்ணி வெதுவெதுன்னு இருக்கு.
அப்பா, கேபிள் பத்திரம், நண்டு கடிக்கல.

ஆக்சிஜன் குறைந்தால்: அப்பா, மூச்சு முட்டுது, ஓடியாங்க. அந்த வரி திரைக்கு வந்ததும் சைரன் அடிக்கும். நீ வைத்தது வைத்தபடியே இருக்கிறது, அதில் நான் கை வைக்கவில்லை.

வரிக்கு முன்னால் தேதி, மணி என்று கணக்கு வாத்தியார் மாதிரி எண்கள் வந்துகொண்டிருந்தன. அதை வெட்டிவிட்டேன். வரிகள் ஓடும் வேகத்தில் அப்பாவால் படிக்க முடியவில்லை. "மெதுவா சொல்லச் சொல்லுடி அவன" என்றார். ஒரு வரியை அவர் கூட்டிப் படித்து முடிக்க எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம் அது நிற்கும்படி செய்துவிட்டேன். இப்போது சாயந்திரமானால் கொட்டகையில் வகுப்பு நடக்கிறது. மாணவர் ஆரோக்கியம், வயது நாற்பத்தெட்டு, ஆஜர்.

ஹெட்போனைத் திருப்பி அனுப்பு.

தீபக்கின் தாய்,
ஜோஸ்பின்

*

பாகூர்
23.11.2025

அண்ணா,

பதிலே இல்லை. ஞாயிறு போனும் இல்லை. உன்னையும் யாரோ நான்குக்கு இறக்கிவிட்டார்கள் போல.

இங்கே எல்லாம் நல்லபடி. குளத்தில் கட்லா மீன் என் முழங்கை நீளம் வந்துவிட்டது. எதிர்க் கரை சாமிநாதன் மாமா கண் வைத்துவிடுவார் என்று அப்பா அவரிடம் 'விரல் நீளம்தான்' என்று அளந்துவிடுகிறார். வலைக்காரர்களுக்குச் சொல்லியாகிவிட்டது. அம்மா பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் தான் கூட்டித் துடைக்கும் வார்டில் எல்லாரிடமும் "எம்புள்ள கிறிஸ்மஸுக்கு வூட்டுக்கு வந்துடுவான்" என்று சொல்லி வைத்திருக்கிறாள். அதில் பாதிப் பேர் அதற்குள் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார்கள், அது அவளுக்குக் கவலை இல்லை.

அப்பா மாறிவிட்டார். முன்பெல்லாம் விடியும் முன் எழுந்து கரையில் நின்று, மீன் மேலே வந்து வாய் பிளக்கிறதா என்று பார்ப்பார் இல்லையா? இப்போது நேராகத் திரைக்கு வருகிறார். 'மூச்சு நல்லாயிருக்கு' என்று படிக்கிறார், டீ போடுகிறார். திரையிடம் பதிலும் சொல்கிறார். நண்டு கடிக்கவில்லை என்றால், "சரிடா" என்கிறார். உன்னிடம் அவர் இவ்வளவு பேசி நான் பார்த்ததே இல்லை.

ஒரு வேடிக்கை. நேற்றும் இன்றும் ஒரே மழை, போர்வையை விட்டு வெளியே வர முடியவில்லை. தீபக் என்னடாவென்றால் 'தண்ணி வெதுவெதுன்னு இருக்கு' என்கிறான். நான் சிரித்தேன். அப்பா சிரிக்கவில்லை. "நாமக்கல்ல வெயில் போலடி" என்றார்.

நீ வந்ததும் சென்சாரைப் பார். சளி பிடித்திருக்கும்.

ஜோஸ்

*

நாமக்கல்
24.11.2025

ஜோஸ்,

உன் நவம்பர் இரண்டாம் தேதிக் கடிதம் இன்றுதான் கைக்கு வந்தது. மாதத் தேர்வில் மார்க் குறைந்தால் வரும் கடிதத்தை மூன்று வாரம் பிடித்து வைப்பார்கள், அடுத்த தேர்வு வரை போனும் கிடையாது. மார்க் குறைந்துவிட்டது.

இதைப் படித்தவுடன் கடிதத்தைக் கீழே போட்டுவிட்டுக் குளத்துக்குப் போ. திரையைப் பார்க்காதே, தண்ணீரைப் பார்.

டிரைவர் எழுதுகிறது. திரை படிக்கிறது. நடுவில் வரிகள் ரேஷன் கடை மாதிரி வரிசையில் நிற்கின்றன. எழுதுகிற வேகத்துக்குப் படித்தால் வரிசையே இருக்காது. நீ படிப்பதை மெதுவாக்கிவிட்டாய். ஒரு வரிக்குக் கொஞ்சம்தான் தாமதம், ஆனால் அது சேர்ந்துகொண்டே போகும். அப்பா இன்று படிப்பது இன்றைய தண்ணீர் இல்லை. நேற்றையதாக இருக்கலாம், அதற்கும் முந்தையதாக இருக்கலாம். மணியையும் வெட்டிவிட்டதால் எப்போது எழுதிய வரி என்று யாருக்கும் தெரியாது.

சைரனும் அதே வரிசையின் கடைசியில்தான் நிற்கிறது. அந்த வரி திரைக்கு வந்தால்தான் அடிக்கும். அப்படி வைத்தது நான். தனியாக வைத்திருக்க வேண்டும். நேரம் கிடைக்கும் என்று நினைத்தேன்.

அப்பாவை விடியும் முன் கரையில் நிற்கச் சொல். நான் பேசவில்லை என்றும் சொல்லிவிடு. அந்தப் பெட்டியில் இருப்பது நான் இல்லை.

வார்டனிடம் ஒரே ஒரு நிமிஷம் போன் கேட்டேன். அடுத்த தேர்வுக்குப் பிறகு என்றார். இங்கே தபால் சனிக்கிழமைதான் வெளியே போகும். இன்று திங்கள்.

சேவியர்

*

பாகூர்
5.12.2025

அண்ணா,

உன் கடிதம் நேற்று வந்தது. அதுவும் வரிசையில் நின்றுதான் வந்தது.

இந்த வாரம் திங்கட்கிழமையே எல்லாம் முடிந்துவிட்டது. அதற்கு முன் நான்கைந்து நாளாக வெயிலே இல்லை, காற்றும் இல்லை. ஞாயிறு சாயந்திரம் அப்பா வழக்கம்போலப் படித்தார், மூச்சு நல்லாயிருக்கு என்றது, சரிடா என்றார், தூங்கினார். காலை ஷிப்டுக்குக் கிளம்பிய அம்மா கரை வழியாகப் போனவள் பாதியில் திரும்பி வந்தாள். தண்ணீர் ஏன் வெள்ளையாக இருக்கிறது என்று கேட்டாள். அத்தனையும் மீன் வயிறு.

அப்பா முதலில் தண்ணீருக்குப் போகவில்லை. கொட்டகைக்குள் போனார். திரையில் இருந்த வரியைக் கூட்டி முழுசாகப் படித்தார். வெளியே வந்து அம்மாவிடம், "நல்லாயிருக்குன்னுதான சொல்றான்" என்றார்.

சாமிநாதன் மாமா வலையோடு வந்தார். அவரே இறங்கி இழுத்தார். கரை ஓரம் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். விரல் நீளம் இல்லை என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

நான் எழுத நினைத்தது இது இல்லை. மறுநாள் மதியம் நடந்ததைத்தான் எழுத வேண்டும்.

அப்பா வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தார். சைரன் அடித்தது. எனக்கு ஏன் என்று புரிவதற்குள் அவர் ஓடினார். சேற்றில் வழுக்கி விழுந்தார், எழுந்து ஓடினார், ஏரேட்டரைப் போட்டார். ஒரு மீன்கூட இல்லாத தண்ணீரை அது அடித்துக்கொண்டே இருந்தது. அப்புறம் கொட்டகைக்கு வந்து திரையைப் பார்த்தார். நான் எழுதி வைத்த வரிதான். அப்பா, மூச்சு முட்டுது, ஓடியாங்க.

உடம்பெல்லாம் சேறு. என்னைப் பார்த்து, "வந்துட்டேன்னு சொல்லுடி" என்றார்.

நேற்று உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், எல்லாவற்றையும். அது நீ இல்லை, நான் என்றும் சொன்னேன். அவர், "அவன் அங்கயே படிக்கட்டும். மனுஷனுக்கு மூச்சு முட்டுனா இன்னான்னு பாக்கறதுக்குப் படிக்கட்டும்" என்றார். கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன், உனக்காக நாலு வார்த்தை வாதாடியிருப்பேன். அவ்வளவு மெதுவாகச் சொன்னார்.

உன் இஷ்டம் போய்விட்டது அண்ணா. உன் பெட்டி சாகவில்லை, அதுதான் வேடிக்கை. கடைசி வரை ஒழுங்காகப் பேசிக்கொண்டிருந்தது.

ஹெட்போன் வேண்டாம். வைத்துக்கொள்.

ஜோஸ்பின்

*

அன்புள்ள அப்பா, அம்மா, தங்கைக்கு,

நான் நலம். படிப்பு நன்றாகப் போகிறது. சாப்பாடு நன்றாக இருக்கிறது, மார்க் ஏறியிருக்கிறது. நீங்கள் அனைவரும் நலமா?

இப்படிக்கு,
சேவியர்

*

பாகூர்
11.1.2026

அண்ணா,

வார்டன் ஐயா, இன்று உங்களுக்கு ஒன்றும் இல்லை. படித்துவிட்டுக் கொடுத்துவிடுங்கள்.

கிறிஸ்மஸுக்கு உனக்கு லீவு விடவில்லை என்று அம்மாதான் போனில் கேட்டுச் சொன்னாள். நாங்கள் ஸ்டார் கட்டவில்லை. மாதா கோவிலில் அம்மா உன் பெயரைச் சொல்லித்தான் மெழுகுவத்தி ஏற்றினாள், ஆனால் நீ வூட்டுக்கு வர வேண்டும் என்று முன்பு கேட்டதைக் கேட்கவில்லை. மார்க் ஏற வேண்டும் என்று கேட்டாள். குளத்தை வற்றவிட்டு அடியில் சுண்ணாம்பு தெளித்திருக்கிறோம். அப்பா இப்போது சாமிநாதன் மாமா குளத்துக்குத் தீவனம் போடப் போகிறார்.

சென்சாரைக் கழற்றிய பிறகும் தீபக் நிற்கவில்லை. வரிசையில் மிச்சம் இருந்ததைச் சொல்லிக்கொண்டே இருந்தான். தண்ணீர் இல்லாத குளத்தைப் பார்த்து, மூச்சு முட்டுது, மூச்சு முட்டுது என்று. அப்பா பிளக்கைப் பிடுங்க விடவில்லை. சைரன் ஒயரை மட்டும் நான் அறுத்தேன். கடைசி வரி வந்து திரை கறுத்த அன்று அவரே பிடுங்கிச் சுருட்டி வைத்தார்.

உன் கடிதத்தை அந்தத் திரையில் செருகி வைத்திருக்கிறார். சாயந்திரமானால் கொட்டகைக்குப் போய் அதைப் படிக்கிறார். நான், நலம். கூட்டிக் கூட்டி. எப்போது போனாலும் அதே நான்கு வரி. "பையன் நல்லாத்தான் கீறான்" என்று வந்து அம்மாவிடம் சொல்கிறார். அம்மா சரி என்கிறாள். மீன் மிதந்த அன்று அதே குரலில் அவர் 'நல்லாயிருக்கு' என்று சொன்னதை அவள் ஏற்கெனவே ஒருமுறை கேட்டிருக்கிறாள், அதை மட்டும் அவள் சொல்வதில்லை.

போன வாரம் போனில் நலம் என்றாய். அதற்கு முந்தின வாரமும் நலம் என்றாய். பின்னால் யாரோ உன் நிமிஷத்தை எண்ணிக்கொண்டிருந்தார்கள். உன் குரல் அப்பாவின் குரல் மாதிரியே மெதுவாகிவிட்டது.

நல்ல டிரைவர் பேசாது என்று நீ எழுதினாய். தப்பு. உனக்கு நான் சொல்கிறேன், ஏழுக்கு வா. சாப்பிடப் போகிறேன், சாப்பிடுகிறேன், சாப்பிட்டேன், கட்டில் இருக்கிறது, கட்டில் இன்னும் இருக்கிறது என்று கார்டு நிரம்புகிற மாதிரி எழுது. ஒன்றையும் அழிக்க மாட்டேன். தமிழாக்க மாட்டேன். மெதுவாக்க மாட்டேன்.

எழுத விடமாட்டார்கள் என்று தெரியும். எழுத உனக்கும் தெம்பில்லை என்று தோன்றுகிறது. அப்படியானால் அந்த நான்கு வரியையே எழுது. மேலே தேதி போடு. மணியும் போடு.

நீ போடவில்லை அண்ணா. அது எந்த நாள் நலம் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஜோஸ்
காலை 5.40